முப்பத்தைந்தில் ஒரு பங்கு: வாசகர் கேள்வி, என் பதில்

சென்ற இதழில், பிளாஸ்டிக் கிட் (பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் பெட்டி) வாங்கி இராணுவ வாகன மொடல் செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுப் பலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் படவரைஞராக வேலை செய்கிறவன். பகலில் கட்டட வரைபடம், இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த மேசை என்று முப்பது வருடம் போய்விட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஆறு கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். அதில் ஒன்றுக்கு எழுதி முடிக்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

பாடசாலை மாணவர், கிண்ணியா: எனக்கு 15 வயது. டாங்கி செய்ய ஆசை. பெட்டிகளில் 1/35, 1/72 என்று போட்டிருக்கிறது. எதை வாங்குவது? கையில் காசு குறைவு.

தம்பி, டாங்கியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ஜீப். டாங்கியில் இரண்டு பக்கமும் சில்லு மட்டுமே முப்பது நாற்பது துண்டு வரும். அத்தனையையும் தேய்த்துத் தேய்த்து வெறுத்துப்போய் பெட்டியை மூடிவைத்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

1/35 என்றால் உண்மை வாகனத்தில் 35 சென்றிமீற்றர் உங்கள் மேசையில் 1 சென்றிமீற்றர். இரண்டாம் உலக யுத்த கால வில்லிஸ் ஜீப்பின் நீளம் 3.33 மீற்றர். அது 1/35இல் ஒன்பதரைச் சென்றிமீற்றர் வரும். 1/72இல் 4.6 சென்றிமீற்றர்தான், உள்ளங்கைக்குள் மூடிவிடலாம். 1/72 விலை குறைவு, இடமும் பிடிக்காது. ஆனால் ஸ்டியரிங் சில்லைப் பிடிக்கவே உங்களுக்குச் சவணம் வேண்டியிருக்கும். காசு சேர்த்து 1/35இல் ஒன்றே ஒன்று வாங்குங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். ஒன்றை மூன்று மாதம் வைத்துச் செய்யலாம், அவசரமே இல்லை.

இந்த 35 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் ஜெர்மன் பாந்தர் டாங்கியைக் கிட்டாகச் செய்தது. உள்ளே மோட்டாரும் பற்றரியும் வைக்க வேண்டும். அவை உள்ளே அடங்குகிற அளவுக்கு டாங்கியைச் செய்துவிட்டுப் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய 1/35 என்று வந்தது. பிறகு மற்றவர்களும் அதே அளவில் செய்யத் தொடங்க, அது நிலைத்துவிட்டது.

சாமான்களுக்குச் செலவழிக்க வேண்டாம். பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை வெட்ட நல்ல நகவெட்டி, 400, 800 இலக்கச் சாண்ட் பேப்பர், துணி காயப்போடும் கிளிப் நாலு, மெல்லிய பிரஷ் இரண்டு. வெட்டும்போது பாகத்தோடு ஒட்ட வெட்டாதீர்கள். ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டி, மிச்சத்தைத் தேய்த்து எடுங்கள். ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் வெள்ளையாகக் கிழிந்து குழி விழும். வாங்கிய உடனே சட்டத்தோடு சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய் அதில் இருக்கும், பெயிண்ட் பிடிக்காது.

மேலதிகமாகப் பிளாஸ்டிக் தகடு வேண்டுமென்றால் கடைக்குப் போகத் தேவையில்லை. வீட்டில் சாப்பிட்ட யோகட் கப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்டைரீன், கிட் செய்த அதே சாதி. கிட் பசையில் ஒட்டும். 5 என்று இருந்தால் விட்டுவிடுங்கள், தலைகீழாக நின்றாலும் ஒட்டாது.

ஆசிரியை, மூதூர்: ஜீப்பின் கண்ணாடியைச் சுப்பர் குளூவால் ஒட்டினேன். காலையில் பார்த்தால் பனி பிடித்ததுபோல் வெள்ளை. மாரி காலத்தில் அடித்த ஸ்பிரே பெயிண்டும் வெளிறிவிட்டது. என் கை சரியில்லையா?

உங்கள் கையில் பிழை இல்லை ரீச்சர். நாங்கள் கடலோடு வாழ்கிறோம், அதுதான் காரணம். சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகும். இறுகும்போது அதிலிருந்து எழும் ஆவி பக்கத்தில் படிந்து வெள்ளையாகும். ஈரக்காற்றில் இது இன்னும் நன்றாகத் தெரியும். கண்ணாடிக்குத் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசையை ஈர்க்கு நுனியால் தொட்டு வையுங்கள். காய்ந்தால் தெளிவாகிவிடும். பிசகினால் ஈரத்துணியால் துடைத்துத் திரும்ப ஒட்டலாம்.

கிட் பசை வேறு மாதிரி. அது இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்குகிறது, காய்ந்தபின் அந்த இடம் ஒரே துண்டு. அதனால்தான் அதிகம் போட்டால் வடிவமே உருகும். எனக்குப் பதினாலு வயதில் கப்பலில் வேலை செய்த மாமா எயார்ஃபிக்ஸ் நிறுவனத்துக் கிட் ஒன்று கொண்டுவந்து தந்தார். ஆசையில் ரியூப் முழுவதையும் பிழிந்து ஒட்டினேன். விடிய எழும்பிப் பார்த்தால் லொறியின் கதவு மெழுகுபோல் வழிந்து உறைந்திருந்தது. அன்று அழுத அழுகை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்த லொறி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஸ்பிரே பெயிண்ட் வெளிறுவதற்குக் காரணம், தின்னர் கெதியாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிராக்குகிறது. குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படிந்து, பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. கார்த்திகை, மார்கழியில் மழை விட்டு வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் அடியுங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் பிரச்சினை நேரெதிர். மொடலைத் தொடுவதற்கு முன்னமே பெயிண்ட் துளி காற்றில் காய்ந்து, தடவிப் பார்த்தால் மணல் போல் சொரசொரக்கும். அந்த மாதங்களில் நான் விடியற்காலை ஐந்தரைக்கு, காற்று எழும்ப முன்னம் அடித்து முடித்துவிடுவேன். எந்தக் காலமானாலும் யன்னலைத் திறந்து வைத்து முகக்கவசத்தோடு செய்யுங்கள். தின்னர் மணம் நெஞ்சுக்குக் கூடாது.

வாசகர், தம்பலகாமம்: பழைய கிட் ஒன்று கிடைத்தது. சில்லுகளைச் சுற்றி ஓடும் ரப்பர் போன்ற சங்கிலி பட்ட இடத்தில் சில்லெல்லாம் உருகியிருக்கிறது. ஏன்?

அந்தச் சங்கிலியை மிருதுவாக்கச் சேர்த்த பொருள் வருடக்கணக்கில் கசிந்து பிளாஸ்டிக்கைத் தின்கிறது. சங்கிலியைத் தனிப் பையில் போடுங்கள். உருகிய பக்கத்தை உள்ளே திருப்பி ஒட்டிச் சேறு பூசினால் தெரியாது.

வாசகர், உப்புவெளி: எல்லாரும் ஜெர்மன் டாங்கிதான் செய்கிறார்கள். எங்கள் திருகோணமலைக்கென்று செய்ய ஏதாவது இருக்கிறதா? உண்மை வாகனங்களைப் போய்ப் படம் எடுக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நாலு நாளுக்கு முன், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு போட்ட அதே கப்பல் படை. சீனக்குடா விமானத்தளத்திலிருந்து பிரித்தானிய ஹரிகேன் போர் விமானங்கள் எதிர்த்து எழுந்தன. முதல் நாளே துறைமுகத்தை விட்டு வெளியேறிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சீனக்குடா எண்ணெய்க் குதம் ஒன்றில் ஒரு விமானம் விழுந்து அது எரிந்தது. இன்றைக்கும் செய்தியில் வருகிற அந்த 99 குதங்களும் அதன் பக்கத்துக் குதங்கள்தான்.

ஒரு குதத்தை முழுதாக 1/35இல் செய்தால் மேசையில் அடங்காது. அதன் சுவரில் ஒரு துண்டு, கால் அடி உயரத்துக்கு வளைந்த மட்டை போதும். அதன் நிழலில் ஒரு பிரென் கரியரை நிறுத்துங்கள். கூரையில்லாத, சங்கிலியில் ஓடும் சின்ன வாகனம் அது. அந்த யுத்தத்தில் பிரித்தானியப் படை போன இடமெல்லாம் போனது, ஒரு இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உண்மையில் 3.65 மீற்றர் நீளம், உங்கள் மேசையில் பத்தரைச் சென்றிமீற்றர் கூட வராது. கிட் சுலபமாகக் கிடைக்கும். பக்கத்தில் ஒரு போஃபர்ஸ் விமான எதிர்ப்புத் துப்பாக்கி வைக்கலாம். அதன் வாய் 40 மில்லிமீற்றர். 1/35இல் அது ஒரு மில்லிமீற்றரை விடச் சற்றுக் கூட. குண்டூசியைச் சூடாக்கித்தான் நான் துளைத்தேன்.

நிலத்தைச் செய்வதில்தான் எங்கள் ஊர் தெரியும். கடற்கரை மணலை அப்படியே அள்ளிக் கொட்டாதீர்கள். ஒரு மில்லிமீற்றர் மணல் 1/35இல் மூன்றரைச் சென்றிமீற்றர்க் கல். மணல் கல்லாகிவிட்டால் பார்க்கிற கண் நம்பாது. மெல்லிய துணியில் அரித்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை உப்புப் போகக் கழுவி, காயவைத்துப் பாவியுங்கள். உப்பு இருந்தால் மாரியில் வியர்த்துப் பெயிண்டைத் தள்ளிவிடும். குடித்து முடித்த தேயிலைச் சக்கை காய்ந்தால் அச்சாகச் சருகு மாதிரி இருக்கும். நிலாவெளிப் பக்க மணல் வெளிர், உள்ளுக்குள் போகப் போகச் செம்மண். வாகனத்தின் தூசி அது நிற்கும் நிலத்தின் நிறமாக இருக்க வேண்டும். வெள்ளை மணலில் நிற்கும் வண்டிக்குச் சிவப்புத் தூசி பூசிய மொடலைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

பெயிண்ட் உரிந்த இடம் காட்ட ஒரு வழி சொல்கிறேன். முதலில் உலோக நிறம் பூசிக் காயவிடுங்கள். உரிய வேண்டிய இடத்தைத் தண்ணீரால் நனைத்து, நிலாவெளி உப்பளத்துத் தூள் உப்பை ஒரு சிட்டிகை தூவுங்கள். உப்புக் காய்ந்து ஒட்டியதும் மேலே பச்சை. பச்சை காய்ந்தபின் பழைய பல் பிரஷால் தட்டினால் உப்பு உதிரும், அடியிலிருந்து உலோகம் எட்டிப் பார்க்கும். ஆனால் எங்கே உரியும் என்று யோசித்துத் தூவுங்கள். சப்பாத்து மிதிக்கும் ஓரம், கை பிடிக்கும் விளிம்பு, கலன் உரசும் இடம். முழு வண்டியையும் துருவாக்கிவிடுகிறார்கள், அது பிழை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஓட்டுனர் தினமும் துடைப்பார்.

ஒரு வேண்டுகோள். இதைச் செய்ய முன்னம் நிலாவெளி வீதியில் இருக்கும் யுத்த மயானத்துக்கு ஒருமுறை போய், கற்களிலுள்ள வயதுகளை வாசித்துவிட்டு வாருங்கள். பிறகு கரியருக்குள் வைக்கும் பொம்மையின் முகத்தை வேறு மாதிரிப் பூசுவீர்கள்.

படம் எடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். முகாம், காவலரண், ஓடும் இராணுவ வாகனம் எதையும் படம் எடுக்க வேண்டாம். ஓர்ஸ் ஹில் அருங்காட்சியகத்தில் வாகனங்கள் நிற்கின்றன. வாசலில் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

ஒரு தாய், திருகோணமலை: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. உங்கள் கட்டுரையை வாசித்துவிட்டு ஒரு கவச வாகனம் ஒட்டுகிறான். 1990 யுத்தத்தில் நாங்கள் உடுத்த உடுப்போடு ஓடினவர்கள். அந்தச் சாமானை அவன் கையில் காண எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நிறுத்தச் சொல்லட்டுமா?

அக்கா, இரண்டு கிழமை பிடித்தது என்று நான் சொன்னது உங்கள் கடிதத்துக்குத்தான்.

நானும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். எங்கள் ஒழுங்கை முகப்பில் தினமும் ஒரு பஃபல் வந்து நிற்கும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், தென்னாபிரிக்காவிலிருந்து வந்த உயரமான வண்டி. கண்ணிவெடிக்குத் தப்பச் செய்தது. அடித்தட்டு தோணியின் அடிபோல் கூராக இருக்கும், வெடி பக்கமாகச் சிதறிப் போகும். ஓட்டுனர் முன்னுக்கு இடப்பக்கம் தனிக் கூட்டில், மற்றவர்கள் பின்னால் முதுகோடு முதுகு சாய்ந்து வெளியே பார்த்தபடி. இதெல்லாம் எனக்கு முப்பது வயதுக்குப் பிறகு தெரிந்த விஷயம். பதினாறு வயதில் தெரிந்தது அதன் சத்தம் மட்டும்தான். சத்தம் கேட்டால் அம்மா அடுப்பைக் கூட அணைக்காமல் எங்களை உள்ளறைக்குத் தள்ளுவார்.

பல வருடம் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு நாள் தொடங்கினேன். கையில் கிட் இல்லை. படங்களைப் பார்த்து, சில்லின் விட்டத்தை அளவுகோலாக வைத்து நானே வரைபடம் கீறினேன். மெல்லிய மட்டையில் வெட்டி, சுப்பர் குளூ ஊறவிட்டு இறுக்கினேன். ஏழு மாதம். கூடத்தில் வைக்கவில்லை. துணியில் சுற்றி என் லாச்சிக்குள் வைத்தேன், அம்மா காணக்கூடாது என்று.

அம்மா கண்டார். கத்திரிக்கோல் தேடி லாச்சியைத் திறந்திருக்கிறார். நான் வேலையால் வந்தபோது அது மேசையில் துணி விரித்து இருந்தது, அவர் கதிரையில் இருந்தார். ஏசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் விரலால் பின்பக்கத்தைத் தொட்டு, "இதில மஞ்சள் கலன் ஒண்டு கட்டியிருந்தது. நீ விட்டிட்டாய்" என்றார்.

எந்தப் படத்திலும் நான் காணாத கலன் அது. பிறகுதான் சொன்னார். தங்கச்சிக்குக் காய்ச்சல். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அந்த வண்டிக்குப் பின்னால் வெயிலில் நிற்க வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேரமென்று தெரியாது. முகத்தைப் பார்க்கப் பயத்தில் அந்தக் கலனையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூடிக்குப் பதில் பொலித்தீன் சுற்றி றப்பர் வளையம் போட்டிருந்ததாம். இருபத்தைந்து வருடமாக எங்களுக்கு ஒரு சொல் சொல்லாத கதை.

அன்றிரவு யோகட் கப்பில் அந்தக் கலனைச் செய்தேன். அரைச் சென்றிமீற்றருக்குச் சற்றுப் பெரிது, ஒரு கொத்தமல்லி விதையை விடக் கொஞ்சம் பெரிசு. வாயில் மிட்டாய்க் கடதாசித் துண்டு சுற்றி, நூலிழையால் கட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "மஞ்சள் இவ்வளவு பளிச்செண்டு இல்லை, வெளிறிப்போய் இருந்தது" என்றார். வெள்ளை கலந்து திரும்பப் பூசினேன்.

அதனால் நிறுத்தச் சொல்லுங்கள் என்று என்னால் எழுத முடியவில்லை அக்கா. பரவாயில்லை, விடுங்கள் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. நீங்கள் பட்டதை நீங்கள்தான் பட்டீர்கள். உங்களுக்குக் கண்ணில் பட வேண்டாமென்றால் அவன் அறையிலேயே வைக்கச் சொல்லுங்கள். அது நியாயமான சொல், அவன் கேட்க வேண்டும். முடிகிற ஒரு நாளில், அவன் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து, நீங்கள் எங்கே நின்று அதைப் பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ரோட்டின் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், கையில் யார் இருந்தார்கள். அவன் பெட்டியிலுள்ள படக் குறிப்பில் வண்டி மட்டும்தான் இருக்கும், ரோட்டோரம் நின்றவர்கள் இருக்கமாட்டார்கள்.

மகனே, நீ இதை வாசித்தால்: சுட்டு விளையாட அதை எடுக்காதே. அம்மா கூடத்துக்குள் வரும்போது மேசையைத் துணியால் மூடு.

ஓய்வுபெற்ற சாரதி, நிலாவெளி: 72 வயது. நான் ஓட்டிய ஜீப்பைச் செய்ய வேண்டும். மகன் வாங்கித் தந்த கிட்டில் முன் கிறில்லில் ஒன்பது துளை. என் ஜீப்பில் ஏழுதான், எண்ணித் துடைத்தவன் நான். கிட் பிழையா? கையும் கொஞ்சம் நடுங்குகிறது.

ஐயா, கிட்டும் சரி, நீங்களும் சரி. யுத்தத்துக்குச் செய்த ஜீப்பின் தகட்டுக் கிறில்லில் ஒன்பது துளை. 1945இலிருந்து பொதுமக்களுக்கு விற்ற ஜீப்பில் ஏழு. விளக்குகளைப் பெரிதாக்கியதால் துளைக்கு இடம் குறைந்தது. அந்த வண்டிக்குப் பின்கதவு திறக்கும், மேலதிகச் சில்லு பக்கத்தில் தொங்கும். உங்கள் ஜீப் அந்தச் சாதிதான். என் அப்பா கராஜில் வேலை செய்தவர். இருட்டில் கூட விரலால் கிறில்லைத் தடவிப் பார்த்து எந்தக் கால வண்டி என்று சொல்லிவிடுவார்.

கிட்டை மாற்றலாம். இரண்டு ஓரத் துளைகளையும் பிளாஸ்டிக் கீற்றால் அடைத்து, கிட் பசையில் சட்டத் துண்டுகளைக் கரைத்த கூழைப் பூசி, ஒரு நாள் காயவிட்டுத் தேயுங்கள். அந்த இடத்தில் பெரிய விளக்குகள் உட்காரும். சட்டைப் பொத்தானை விடச் சிறிய வட்டம், காகிதம் துளைக்கும் கருவியால் வெட்டினால் கிட்டத்தட்ட வரும்.

கை நடுங்குவதற்கு: இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று முட்டவைத்துப் பூசுங்கள். நடுங்கினால் இரண்டு கையும் சேர்ந்துதான் நடுங்கும், பிரஷ் பிசகாது. காலையில் தேத்தண்ணிக்கு முன்னம் செய்து பாருங்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். பெயிண்டைத் தண்ணீர் மாதிரி மூன்று முறை பூசுங்கள். தடித்த ஒரு பூச்சு பத்தில் ஒரு மில்லிமீற்றர் வந்தாலும் 1/35இல் அது மூன்றரை மில்லிமீற்றர்த் தடிப்பு, ஆணித் தலையெல்லாம் அமிழ்ந்துவிடும்.

உங்கள் ஜீப் என்ன நிறம், பின்கதவில் ஏதும் எழுதியிருந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். எழுத்து இருந்தால் அதை அந்த அளவுக்கு வரைந்து நானே அனுப்பிவிடுகிறேன்.